உன் பாதி, என் பாதி

மார்ச் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

"இனிமே உன் குரலே என் காதுல விழக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாய். காதைத்தான் சொன்னாய், கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

நீ வந்த அன்று வயல் முழுக்கக் குப்பை என்றாயே, அது போன அறுவடையின் மக்காச்சோளத் தட்டை. நான்தான் வெட்டி அப்படியே மண்மேல் பரப்பி வைத்தேன். மூடாக்கு என்று அதற்குப் பெயர். நிலத்தை உழக்கூடாது, எரிக்கக்கூடாது, தட்டையாலும் இலையாலும் மூடியே வைத்திருக்க வேண்டும், விதைக்கிற இடத்தில் மட்டும் குழி எடுக்க வேண்டும். விவசாய ஆபீசிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து சொல்லிக் கொடுத்தாள். இதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் நீ செருப்பை மாட்டிவிட்டாய்.

ஊரில் டிராக்டர் ஒன்றுதான் என்பது உனக்குத் தெரியும். பெரிய வயல்காரர்களுக்கு உழுது, அவர்கள் மச்சானுக்கு உழுது, மச்சானுக்கு வேண்டியவருக்கு உழுது, கடைசியில்தான் ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு வரும். அதற்குள் முதல் மழை போய்விடும். நான் பிந்தி விதைத்து, பிந்தி அறுத்து, கிடைத்ததை அள்ளுவேன். உனக்கு வரும் பங்கு மூட்டை வருடா வருடம் ஏன் இளைத்துக்கொண்டே போகிறது என்று நினைத்தாய்? போன வருடம் புது அறுவடைக்கு ரொம்ப முன்னாடியே குதிர் காலி. மாமியாருக்கும், பக்கவாதம் வந்து இடது கை விழுந்துபோன கொழுந்தனுக்கும் போட்டுவிட்டு "நான் அப்பவே சாப்பிட்டேன்" என்று சொல்லிச் சொல்லி, எனக்கே அது நிஜம் மாதிரி ஆகிவிட்டது.

குழி எடுத்து விதைத்தால் நான் எந்த டிராக்டருக்கும் காத்திருக்க வேண்டாம். வெயில் காலத்திலேயே குழியை எடுத்து வைத்துவிட்டு, முதல் மழைக்கு மறுநாள் விதைத்துவிடலாம். யோசித்துப் பார். முதல் மழைக்கு மறுநாள். எனக்கு இதை நினைத்தால் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அப்பா நடுவில் ஒரு வரப்பைப் போட்டு ஆளுக்குப் பாதி எழுதினார். இரண்டு பாதியையும் நான்தான் பயிர் செய்கிறேன். நீ உன் பாதியை டிராக்டர்காரருக்குக் குத்தகைக்கு விட்டால், என் பாதியில் விளைவது எங்கள் மூன்று வயிற்றுக்கு வருடத்தில் பாதிக்குத்தான் வரும். மீதிப் பாதிக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு பட்டம் பொறு. அறுவடையைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணு.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. கடையில் வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தார்கள், அதனால்தான்.

"உனக்கு ஊசி நூலத் தவிர என்ன தெரியும்" என்று டிராக்டர்காரர் முன்னால் வைத்துக் கேட்டாயே, அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரி உண்டா என்று இரண்டு தடவை தேடினேன். ஊசி நூலை வைத்துக்கொண்டுதான் வீட்டுக்காரர் போன பிறகு இரண்டு பெண்களைக் கரையேற்றினேன். ஒன்றும் தெரியாதவளுக்கு இது போதாதா?

எனக்கு மண்ணைப் பற்றித் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காது நன்றாகக் கேட்கும். அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் என் காதுபடவே இரண்டு பேர் பேசினார்கள். "பாவம், அந்தம்மாவுக்கு முடியல போல. நெலத்தப் போட்டுட்டாங்க." உன்னைத்தான் சொன்னார்கள். எனக்கு மானமே போயிற்று. மானம்தான் போயிற்றா, உனக்கு நிஜமாகவே முடியாமல் போய்விட்டதோ என்ற பயம்தான் வந்ததா என்று கேட்காதே. அந்த நேரத்தில்தான் டிராக்டர்காரர் வந்தார். "உங்க பாதிய எங்கிட்ட குடுங்கம்மா, பளிச்சுன்னு வெச்சிருக்கேன்" என்றார். பளிச்சென்று என்ற வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. தையல்காரிக்குப் பிசிறு தெரியக்கூடாது.

சரி, ஒரு பட்டம் பொறுக்கிறேன். ஒன்றுதான். அதற்குப் பிறகு அழுது புரண்டு எழுதக்கூடாது.

மண்ணுக்குப் போர்வை போர்த்த வேண்டுமென்றால் கடையில் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அனுப்பட்டுமா?

தங்கச்சி
(ஊசி நூல்)


ஏப்ரல் 30

ஊசி நூலுக்கு,

அந்த வார்த்தை தப்பு. வாய் முந்திக்கொண்டது. இப்போது ஒரு வரி வந்துவிட்டதா? மேலே படி.

வெட்டுத்துணி வேண்டாம், நைலான் மக்காது. ஆனால் இரண்டு வருடம் முன்னே நீ அனுப்பினாயே சிவப்பு லைனிங் துணி, அதைக் கொழுந்தன் நாடா நாடாவாகக் கிழித்து, ஒரு கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டு அடுப்படிப் புல்கூரையைக் கட்டினார். அது இன்னும் அப்படியே நிற்கிறது. அடுப்பு ஊதும்போது அண்ணாந்து பார்த்தால் வரிசையாகச் சிவப்பு முடிச்சு. பல்லால் போட்டதால் ஒன்றுகூட நேராக இல்லை. உன் ஞாபகம் வரும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குழி எடுத்து முடித்துவிட்டோம். உன் பாதி, என் பாதி, இரண்டும். மண்வெட்டித் தகடு அகலம், கணுக்கால் ஆழம், வரிசை பிடித்தாற்போல. தனியாக எடுத்திருந்தால் நான் இப்போது படுக்கையில் இருந்திருப்பேன். ஆபீசர் பெண் எங்களை ஒரு கூட்டமாகச் சேர்த்துவிட்டாள். எல்லாரும் என் வயதுக்காரிகள், எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் பெரியவள். இன்று ஒருத்தி வயல், நாளை இன்னொருத்தி வயல். ஊரில் எங்களுக்குக் குழிக்காரிகள் என்று பேர் வைத்தாகிவிட்டது. போகிற வருகிற ஆள் எல்லாம் "என்னம்மா, யாருக்கு இத்தன குழி?" என்று கேட்கிறான். எங்கள் கூட்டத்துப் பால்காரி விடுவாளா? "எனக்கு ஒண்ணு போதும், மீதி உங்களுக்குத்தான், வரிசையா வாங்க" என்றாள். அன்றோடு அந்தக் கேள்வி நின்றது.

அந்தப் பால்காரியோடுதான் எனக்கு முதல் சண்டை. அறுவடை முடிந்தால் யார் வயல் தட்டையிலும் யார் மாடும் மேயலாம் என்பது இங்கே பழைய வழக்கம். நான் தட்டையைக் காக்க முள்வேலி போட்டதும் ஊரே முகத்தைத் திருப்பியது. வேலியைப் பிய்த்துக்கொண்டு முதலில் நுழைந்தது அவள் மாடு. பெரிய ரகளை. கடைசியில் மாட்டுக்குக் கொஞ்சம் தட்டை நான் கொடுப்பது, குழிக்கு ஒரு கைப்பிடி சாணி அவள் கொடுப்பது என்று பேசி முடித்தோம். இப்போது என்னைவிட அவள்தான் குழி எடுப்பதில் வேகம்.

எல்லாம் சரியாக நடந்தது என்று நினைத்துவிடாதே. அவசரத்தில் விதை கட்டிய களையைப் பிடுங்கி மூடாக்காகப் போட்டுவிட்டேன். போன வாரத் தூறலுக்கு அந்த இடம் முழுக்கக் களை முளைத்துச் சிரிக்கிறது. கோழிகள் வேறு. நாங்கள் பரப்பியதைக் கிளறி எறிவதுதான் அவற்றுக்குப் பிழைப்பு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இதற்காகத்தான் கடிதமே. நேற்று உச்சி வெயிலில் தட்டையை விலக்கிப் பார்த்தேன். மண் ஈரம். ஏப்ரல் மாதத்தில் ஈரம். அதில் ஒரு மண்புழு, என் சுண்டு விரல் தடிமன். நான் போட்ட கூச்சலில் கொழுந்தன் பாம்பு என்று நினைத்துக் கம்போடு வந்துவிட்டார். பார்த்துவிட்டு "இதுக்கா அண்ணி இவ்ளோ சத்தம்?" என்றார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் உன் கையைப் பிடித்து இழுத்துக் காட்டியிருப்பேன்.

அக்கா


மே 16

அக்காவுக்கு,

படித்தேன். மண்புழு வரைக்கும் படித்தேன். அந்தப் புழுவை நீ எனக்குக் காட்டாததற்கு நன்றி.

உனக்கு அறுபத்தெட்டு வயது. குனிந்து குனிந்து அத்தனை குழி எடுத்திருக்கிறாய். இனி விதைக்கக் குனிய வேண்டும், களை பிடுங்கக் குனிய வேண்டும். இந்த ஒரு வாரமாக மிஷின் முன்னால் உட்கார்ந்தால் உன் முதுகுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதனால் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். டிராக்டர்காரரைக் கூப்பிட்டு, என் பாதியை மட்டும் சுத்தம் பண்ணி உழுதுவிடச் சொல்லிவிட்டேன். நீ பால்காரி வயலுக்குப் போயிருக்கும்போது முடித்துவிடச் சொன்னேன், இல்லாவிட்டால் டிராக்டருக்குக் குறுக்கே படுத்துவிடுவாய்.

இந்நேரம் முடிந்திருக்கும். பாதி வேலை உனக்கு மிச்சம். நன்றி எல்லாம் வேண்டாம்.

தங்கச்சி


மே 20

தங்கச்சிக்கு,

பார்த்தேன். பளிச்சென்றுதான் இருந்தது. தட்டையைக் குவித்துக் கொளுத்திவிட்டார்கள். ஒரு குழி பாக்கி இல்லை. என் தோள்வலி முழுக்க அந்த மண்ணுக்குள்தான் கிடக்கிறது. நான் கெஞ்சினாலும் கடைசியாக வருகிற டிராக்டர், உன் ஒரு வார்த்தைக்கு மே மாதமே ஓடி வந்திருக்கிறது பார். நிலத்தின்மேல் அவ்வளவு ஆசை அவருக்கு.

வரப்பில் உட்கார்ந்து அழுதேன். நீ நல்லது என்று நினைத்துச் செய்ததுதான் அழுகையை அதிகமாக்கியது. கெட்ட எண்ணம் என்றால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு பக்கம் உழுத மண், ஒரு பக்கம் மூடிய மண். நடுவில் அப்பாவின் வரப்பு. எனக்குச் சட்டென்று உற்சாகம் பொங்கிவிட்டது. நானே திட்டம் போட்டிருந்தாலும் இப்படி ஒரு பரீட்சை வைத்திருக்க முடியாது. வா, பந்தயம் கட்டு. உழுத பாதியா, உழாத பாதியா?

அக்கா


மே 28

அக்காவுக்கு,

கொளுத்தச் சொல்லவில்லை. அள்ளி ஓரமாகப் போடத்தான் சொன்னேன். அதற்காக நீ அழுதது எனக்குப் பிடிக்கவில்லை.

பந்தயத்துக்குச் சரி. ஒரே விதை, ஒரே நாள், இரண்டு பக்கமும் உன் கைதான். உன் பாதி என் பாதியைவிட நன்றாக விளைந்தால், நிலத்தைப் பற்றி நான் இனி வாயே திறக்க மாட்டேன். இரண்டும் ஒன்று போல இருந்தாலும் சரி, என் பாதி மிஞ்சினாலும் சரி, என் பாதி டிராக்டர்காரருக்கு. அவரிடமும் இப்படியே சொல்லிவிட்டேன். வாக்கு மாற மாட்டேன், உன்னை எனக்குத் தெரியும், நீயும் மாறக்கூடாது.

தங்கச்சி


ஜூன் 25

தங்கச்சிக்கு,

விதைத்துவிட்டேன். முதல் மழைக்கு மறுநாள் காலையில், குழிக்காரிகள் எல்லாரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினோம். மக்காச்சோளத்துக்கு நடுநடுவே தட்டைப்பயறு. உன் பாதிக்கும் அதே நாள், அதே விதை. ஓரவஞ்சனை செய்யவில்லை, பால்காரி சாட்சி.

பெரிய வயல்காரர்கள் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? டிராக்டருக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் கையைக் கழுவிக்கொண்டு அந்த வரிசை வழியாகத்தான் வீட்டுக்கு வந்தோம். பால்காரி வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள். ஒருத்தர் "விதைச்சாச்சா?" என்று கேட்டார். "எப்பவோ" என்றேன். கல்யாணத்தன்றுகூட நான் இவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை.

இப்போது முளை விட்டிருக்கிறது, இரண்டு பக்கமும் ஒன்று போல. உன் பாதியில் கொஞ்சம் வேகம் அதிகம் என்றுகூடச் சொல்வேன். சந்தோஷப்பட்டுக்கொள்.

அக்கா


ஜூலை 23

தங்கச்சிக்கு,

விதைத்த பிறகு வந்த இரண்டு மழையோடு சரி, வானம் மூடிக்கொண்டது. ஊர் முழுக்க முகம் தொங்கிப் போய்க் கிடக்கிறது. இந்த நேரத்தில் சிரிக்கக்கூடாது என்று எனக்கும் தெரியும், ஆனால் உன்னிடம் மறைக்க முடியாது. ஜெயித்துக்கொண்டிருக்கிறேன்.

உறைக்குள் இரண்டு இலை வைத்திருக்கிறேன். ஒரே நேரத்தில், மத்தியானம், பக்கத்துப் பக்கத்துச் செடியில் பறித்தது. குழலாகச் சுருண்டிருப்பது உன் பாதி. விரிந்திருப்பது என் பாதி. என் பக்கம் தட்டையை விலக்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. உன் பக்கம் மண் வெடித்து விரல் போகிறது. ஆபீசர் பெண் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். வரப்பில் நிற்கச் சொன்னாள், மாமியாரின் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாமியாருக்குக் கோபம், சேலைக்காக அல்ல, அவரைக் கூப்பிடவில்லை என்று.

அக்கா


ஜூலை 30

அக்காவுக்கு,

இலை வந்தது. வரும் வழியில் இரண்டுமே நொறுங்கித் தூளாகிவிட்டன. எது யாருடையது என்று தெரியவில்லை.

நீ ஜெயித்துக்கொள். கருகினால் கருகட்டும், என் பங்கு மூட்டை இந்த வருடம் எனக்கு வேண்டாம். ஆனால் என் பயிர் சாவதை உறையில் போட்டு அனுப்பாதே. காலையில் கடையைத் திறந்ததும் அதைப் பார்த்தேன். அப்புறம் நாள் முழுக்க ஒரு பிளவுஸ் தைக்க முடியவில்லை.

தங்கச்சி


ஆகஸ்ட் 8

தங்கச்சிக்கு,

இலை அனுப்பியது என் புத்தி கெட்ட வேலை. இனி அனுப்ப மாட்டேன்.

இங்கே கொஞ்சம் வேலை அதிகம். குழிக்காரிகள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள், ஏணி ஏறி இறங்கியதில் கால் வலிக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். உன் பாதி பிழைத்துக்கொள்ளும் போலத்தான் தெரிகிறது. கவலைப்படாமல் பிளவுஸைத் தை.

அக்கா


ஆகஸ்ட் 27

தங்கச்சிக்கு,

மழை. மூன்று நாளாக விட்டு விட்டு நல்ல மழை. எழுத்து அங்கங்கே ஊறிப் போயிருக்கும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு படி. அடுப்படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் பேனா, நடுவில் உலை. மாமியார் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார். அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை, இதற்காகவே இன்னும் இரண்டு நாள் பெய்யலாம்.

இரண்டு பாதியும் நிமிர்ந்துவிட்டன. கதிர் பிடிக்கிறது. குழிக்காரிகள் ஒவ்வொருத்தி வயலும் நிற்கிறது தெரியுமா, ஒன்றுகூடப் போகவில்லை. டிராக்டருக்காகக் காத்திருந்து பிந்தி விதைத்த வயல்களில் பாதிக்கு மேல் போய்விட்டன. அடுத்த பட்டத்துக்கு எங்களோடு சேர இப்போதே வந்து பேர் கொடுக்கிறார்கள். நேற்று பெரிய வயல்காரர் ஒருவரின் அம்மாவே வந்தாள், மகனுக்குத் தெரியாமல். பால்காரி அவள் கையைத் தடவிப் பார்த்து "காய்ப்பு வரட்டும், அப்பறம் பாக்கலாம்" என்று அனுப்பினாள். நான் ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அக்கா


செப்டம்பர் 18

அக்காவுக்கு,

அடுப்படிக்குள் குடையா? உனக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது என்று என் பெண்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

டிராக்டர்காரர் போன் பண்ணினார். ரோட்டில் நின்று இரண்டு பாதியையும் பார்த்தாராம். "ஒரு வித்தியாசமும் இல்லம்மா. உங்க அக்கா பாதி எப்படியோ அப்படித்தான் உங்க பாதியும். தச்ச மாதிரி ஒரே உயரம்" என்றார். இப்போது என்ன சொல்கிறாய்? குழி வேண்டாம், முதுகுவலி வேண்டாம், ஊரார் சிரிப்பு வேண்டாம், உழுதே அதே விளைச்சல் வந்துவிட்டது. ஜூலையில் இலை அனுப்பி என்னை அழவைத்தாயே. நானும் மண்ணைப் பற்றி ஏதோ தெரிந்தவள்தான் போல.

ஜெயித்தது நான் என்று கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். உனக்குச் சாப்பாட்டுக் கஷ்டம் வராமல் குத்தகையில் வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்காக நீ பயப்பட வேண்டாம். அறுவடை முடிந்ததும் அவரோடு நானே வந்து பாதியைக் கையில் கொடுத்துவிடுகிறேன். பேசத்தான் மாட்டேன்.

தங்கச்சி


செப்டம்பர் 26

தங்கச்சிக்கு,

பந்தயம் பந்தயம்தான். இரண்டும் ஒன்று போலத்தான் வந்திருக்கிறது. வா, கொடு.

குத்தகையில் வருவதை எனக்கு அனுப்பாதே. உன் கையை எதிர்பார்த்துச் சாப்பிட எனக்கு இஷ்டமில்லை, கோபத்தில் சொல்லவில்லை. என் பாதி இருக்கிறது, குழிக்காரிகள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வேன்.

ஒன்று மட்டும் அவரிடம் சொல். நடுவில் இருக்கும் வரப்பை டிராக்டர் ஏற்றி அழித்துவிட வேண்டாம். எனக்கு உட்கார வேறு இடம் இல்லை.

அக்கா


அக்டோபர் 12

அக்கா,

இந்தக் கடிதத்தை உன் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். தலைக்கு மேலே வானம். ஒரு காக்கா மூங்கிலில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

டிராக்டர்காரரோடு காலையில் வந்தேன். நீ கூட்டத்தோடு யாருக்கோ கதிர் உடைக்கப் போயிருந்தாய். உன் மாமியார் தூங்குகிறார். கொழுந்தன்தான் இருந்தார். வழக்கமாக என்னிடம் வாய் ஓயாமல் பேசுகிறவர், இன்று முகம் கொடுக்கவில்லை. தண்ணீர் கேட்டேன். "அடுப்படில இருக்கு, நீங்களே மோந்துக்குங்க" என்றார். போனேன். பானைக்குள் வெயில் அடித்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "கூரை என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"சொல்லக்கூடாதுன்னு அண்ணி சொல்லிருக்காங்க. நான் எதுவும் சொல்லல" என்றார். அப்புறம் கம்பை ஊன்றிக்கொண்டு என் பாதிக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். அறுத்த அடித்தட்டைக்கு நடுவே குனிந்து, கம்பால் கொஞ்சம் கிளறினார். உலர்ந்த புல். பாதி மக்கிய, கரி படிந்த கூரைப் புல். அதற்குள் ஒரு சிவப்பு முடிச்சு.

அக்கா, என் கடைத் துணி எனக்குத் தெரியாதா? நான் வெட்டி அனுப்பிய லைனிங். பல்லால் போட்ட கோணல் முடிச்சு. வரிசை வரிசையாக ஓடிப் போய்த் தேடினேன். எங்கே கிளறினாலும் சிவப்பு. அப்புறம் வரப்பைத் தாண்டி உன் பாதியைப் பார்த்தேன். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை வெறும் மண். உன் பயிர் மேலிருந்து எடுத்து என் பயிரைப் போர்த்தியிருக்கிறாய். அதுவும் பற்றாமல் கூரையைப் பிரித்திருக்கிறாய். மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு சமைத்திருக்கிறாய். அதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். நான் டீ வாங்கிக் கொடுத்தேன், அக்கா.

"ஏங்க இப்படிப் பண்ணாங்க? விட்டிருந்தா ஜெயிச்சிருப்பாங்களே" என்று உன் கொழுந்தனிடம் கேட்டேன். அதற்கு மேல் அவரால் வாயை அடக்க முடியவில்லை. "நானும் அதத்தான் கேட்டேன். பந்தயம் எங்க ரெண்டு பேருக்குத்தான், பயிருக்கு என்ன தெரியும், அதுபாட்டுக்குக் காயுதேன்னாங்க. உங்க கடுதாசிய வேற படிச்சுட்டு, அவ தைக்க முடியாம உக்காந்திருக்கான்னு சொல்லிச் சொல்லிப் பொலம்பினாங்க. மறுநாளே ஏணியப் போட்டாச்சு" என்றார்.

டிராக்டர்காரர் பின்னாலேயே நின்றார். "ரெண்டும் ஒண்ணா இருந்தா எனக்குன்னீங்களேம்மா?" என்றார். "உழுத பாதி, உழாத பாதின்னுதாங்க பந்தயம். இங்க ரெண்டு பாதியும் மூடித்தான் கெடக்கு. உழுத பாதி தனியா எங்க இருக்கு, காட்டுங்க" என்றேன். அவர் வயலைப் பார்த்தார், என் கையில் இருந்த சிவப்புத் துணியைப் பார்த்தார், போய்விட்டார். வரப்பில் சக்கரம் படவில்லை, நான் நின்று பார்த்துக்கொண்டேன்.

உன் குதிருக்குள் கை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் தானியம். அதில் என் பங்கு எடுத்து வைத்திருப்பதையும் பார்த்தேன். வாயைக் கட்டி, ஓரமாக, என் பேர் எழுதி. அந்த மூட்டையை அவிழ்த்துக் குதிரிலேயே கொட்டிவிட்டேன். திட்டுவதென்றால் நேரில் திட்டு.

புதுப் புல் இன்னும் அறுப்புக்கு வரவில்லையாம். வரும் வரைக்கும் கடையிலிருந்து தார்ப்பாய் கொண்டுவரச் சொல்லிப் பெரியவளுக்குப் போன் பண்ணிவிட்டேன். கூரை போட்ட பிறகுதான் நான் போவேன். மிஷின் சும்மா கிடக்கட்டும். நாடா நான் கிழிக்கிறேன், முடிச்சு அவரே போடட்டும், அந்தக் கோணல் எனக்கு வராது.

ஆங், சொல்ல மறந்துவிட்டேன். கூரைப் புல்லுக்கு அடியில் நானும் ஒன்று பார்த்தேன். என் பாதியில். நான் போட்ட கூச்சலுக்கு உன் மாமியார் தூக்கத்தில் புரண்டு படுத்தார். "இதுக்கா இவ்ளோ சத்தம்?" என்று கேட்டார் உன் கொழுந்தன். இந்தக் குடும்பத்தில் பொம்பளைகளுக்கு மண்புழுவைப் பார்த்தால் என்னதான் ஆகிறதோ என்றார்.

இதை அடுப்பு மேல் வைத்து, பறக்காமல் ஒரு கல்லையும் ஏற்றிவிட்டுப் போகிறேன். உன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு என் பாதிக்குப் போகிறேன். உன் குழி எங்கே இருந்தது என்று தெரியவில்லை, மண் இளகின இடமாகப் பார்த்து எடுக்கிறேன். தப்பாக இருந்தால் சொல்.

படித்ததும் வா. வந்து வரப்பில் நின்று என்னைக் கூப்பிடு. சத்தமாகவே கூப்பிடு, நான் குனிந்திருப்பேன்.

தங்கச்சி